வாய்க்காலுக்கு மேற்கே

பிரயாணக் கட்டுரைகளை இலக்கியம் என்று ஒப்புக்கொள்கிறவர்கள்கூட, "எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம்" என்று சொல்லும் எழுத்தை அந்த வரிசையில் சேர்க்கமாட்டார்கள். ரெயில்வே கைடுக்கும் விளம்பரத்துக்கும் நடுவில் எங்கேயோ கிடக்கிற சரக்கு அது என்பது அவர்கள் அபிப்பிராயம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓர் ஊரைப் பற்றிய நல்ல நாவலைப் படித்துவிட்டு அந்த ஊருக்குப் புறப்படுகிறவன் ஆயிரத்தில் ஒருவன். மற்ற 999 பேரும் இந்தச் சில்லறை எழுத்தைப் படித்துவிட்டுத்தான் வண்டி ஏறுகிறார்கள். எந்தத் தெருவில் படுத்து எழுந்தோம், எந்த இலையில் உட்கார்ந்தோம் என்பதை வைத்துத்தான் ஊர் எப்படிப்பட்டது என்று தீர்மானம் செய்கிறார்கள். ஆகவே நாவலை விமரிசிக்கிற மாதிரியே இந்த எழுத்தையும் உட்கார்ந்து விமரிசிக்க வேண்டியதுதான்.

புதுச்சேரியை எடுத்துக்கொள்கிறேன். அதன் பழைய நகரத்தைப் பற்றி இந்த ரகத்தில் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதப்பட்டவற்றை நான் நிறையவே படித்திருக்கிறேன். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வித்தியாசம் அடைமொழிகளில்தான். மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, நீலப் பலகையில் தெருப் பெயர், பிரெஞ்சு ரொட்டி, கடற்கரையில் உலாவல். பிரான்ஸுக்குப் போகப் பணமில்லாதவர்கள் இங்கே வந்தால் போதும் என்ற தோரணை. அந்த எழுத்தை நம்பி வருகிறவன் பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ ஏறி ஊரின் பெரும்பகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போய்க் கிழக்கு ஓரத்தில் இறங்குகிறான். இரண்டு இரவு அங்கே தூங்குகிறான். திரும்புகிறான். புதுச்சேரியைப் பார்த்துவிட்டதாகவும் சொல்லிக்கொள்கிறான்.

ஊரின் அமைப்பு தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பழைய புதுச்சேரி ஒரு முட்டை வடிவம். சுற்றிலும் புல்வார் என்று இன்றும் ஜனங்கள் சொல்கிற அகன்ற சாலை. வடக்கு தெற்காக ஒரு வாய்க்கால் அதை இரண்டாக வகிர்கிறது. பெரிய வாய்க்கால் என்பது அதன் பெயர்; அதன் கரைகளில் செஞ்சி சாலையும் ஆம்பூர் சாலையும் ஓடுகின்றன. வாய்க்காலுக்கும் கடலுக்கும் இடையே உள்ள ஒடுங்கிய துண்டு வெள்ளையர் இருந்த இடம். மேற்கே விரிந்து கிடக்கிற பெரும்பகுதி தமிழர் இருந்த இடம். வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்று பிரெஞ்சுக்காரர்கள் கூசாமல் பெயர் வைத்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த ஜோடியில் ஒன்றை மட்டும் நாம் வெட்கப்பட்டு விட்டுவிட்டோம். மற்றொன்றைக் கடைப் பலகையிலும் ஆட்டோக்காரர் வாயிலும் பெருமையாகவே வைத்துக்கொண்டிருக்கிறோம். "ஒயிட் டவுன் போகணுமா, சார்?" என்று கேட்காத ஆட்டோவை நான் பார்த்ததில்லை.

போகட்டும். அந்த வெள்ளை நகரமாவது முழுக்கப் பிரெஞ்சா என்றால் அதுவும் இல்லை. சதுரங்கக் கட்டம் போல் நேராக ஓடும் தெருக்களைப் பார்த்துப் பிரெஞ்சு மூளை என்று வியக்கிறார்கள். 1693இல் ஊரைப் பிடித்துச் சில வருஷங்கள் வைத்திருந்த டச்சுக்காரர்கள் 1694இல் வரைந்த நகரப் படங்களில்தான் அந்தக் கட்டம் முதலில் தெரிகிறது. பிற்பாடு 1761 ஜனவரியில் இங்கிலீஷ்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள். கோட்டையையும் வெள்ளையர் பகுதி மாளிகைகளையும் தரைமட்டமாக்கினார்கள். 1765இல் ஊர் திரும்பக் கைக்கு வந்த பிறகு கட்டியவைதான் இன்று நாம் பார்ப்பவை. கட்டியவர்கள் யார்? சுண்ணாம்பு அரைத்தவர்களும் கட்டை மேல் கட்டை அடுக்கிச் செங்கல் பரப்பி மெட்ராஸ் தளம் போட்டவர்களும் இந்த ஊர்க் கொத்தனார்கள்தாம். எஜமானர் பிரெஞ்சு என்பதால் வீடும் பிரெஞ்சு என்று எழுதுவது, பணம் கொடுத்த ஜமீன்தார் பெயரைப் பிரபந்தத்துக்கு ஆசிரியர் என்று போடுவது மாதிரி.

சரி, இந்த ஊருக்கு வந்த விருந்தாளிகளில் பேர் பெற்றவர்கள் எங்கே தங்கினார்கள் என்று பார்த்தால், விஷயம் தலைகீழாக இருக்கிறது. 1910 ஏப்ரல் 4ஆம் தேதி கல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய அரவிந்தரை, வாய்க்காலைத் தாண்டி மேற்கே, கோமுட்டிச் செட்டித் தெருவில் கலவை சங்கர செட்டியார் வீட்டு மாடிக்குத்தான் அழைத்துக்கொண்டு போனார்கள். அக்டோபர் வரை அங்கேதான் இருந்தார். அவருக்கு முன்பே 1908இல் வந்துவிட்ட பாரதி 1918 வரை பத்து வருஷம் இந்த ஊரில் வாடகைக் குடித்தனம் செய்தார். அவர் இருந்த வீடுகளில் ஒன்று, ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில், நினைவில்லமாக இருக்கிறது. அதுவும் மேற்கே. பாரதிக்கு வீடு கொடுத்த விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்பவரைப் பற்றி வ.ரா. எழுதியிருப்பது பலருக்கு ஞாபகம் இருக்கலாம். வாடகை கேட்க வருவாராம். பாரதி பாட்டிலோ பேச்சிலோ மூழ்கியிருப்பார். சற்று நேரம் இருந்துவிட்டு, வந்த காரியத்தை வாய் விட்டுச் சொல்லாமலே திரும்பிப் போய்விடுவாராம். இந்த ஊரின் விருந்தோம்பலைப் பற்றி எழுத உட்காருகிறவன் இந்தச் செட்டியாரிடமிருந்து ஆரம்பிக்க வேண்டாமா? காகிதப்பூக் கொடியிலிருந்து ஆரம்பிக்கிறான்.

மேற்கில் உள்ள வீட்டின் உடலமைப்பே வந்தவனுக்காக ஏற்பட்டது. கிழக்கே தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் உயரமான மதில்; நடுவில் ஒரு பெரிய வாயிற்கதவு; வீடு உள்ளே ஒளிந்திருக்கும். மேற்கே தெருவோரமாகவே, மரக்கால்கள் தாங்க, ஓடு வேய்ந்த தாழ்வாரம் இறங்கும். அது வீட்டுக்காரனுக்கு மட்டும் சொந்தமில்லை. வெயிலுக்கும் மழைக்கும் எவன் வேண்டுமானாலும் ஒதுங்கலாம். அதை அடுத்துத் திண்ணை. அது பாதி வீடு, பாதி தெரு. கூடை இறக்கிவைக்கும் கீரைக்காரி, கணக்குப் பார்க்க வந்தவர், வழி தவறிய யாத்ரீகன் எல்லாரும் அங்கே உட்கார்ந்தார்கள்; இரவு வந்தால் அங்கேயே தலைசாய்த்தார்கள். உள்ளே போனால் முற்றம், அதைச் சுற்றிக் கூடம். சில வீடுகளில் கீழே இந்த முறையும் மேல்மாடியில் பிரெஞ்சுப் பாணித் தூணும் வளைவு ஜன்னலுமாக இருக்கும். துபாஷியாகவும் வர்த்தகராகவும் இருந்தவர்கள் பகலில் வெள்ளைக்காரனோடு பழகியதை மாடியிலும், ராத்திரி யாரோடு சாப்பிட்டார்கள் என்பதைக் கீழேயும் காட்டிவைத்தார்கள். பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை அப்படித்தான்.

திண்ணையை இப்படிப் புகழும்போது ஒரு விஷயத்தை மறைத்துவிடக் கூடாது. எல்லாருக்கும் அது திறந்திருக்கவில்லை. தெருக்களே ஜாதிவாரியாக இருந்தன. பெயர்களே அதைச் சொல்லும். பிள்ளையின் நாட்குறிப்பில் 1745ஆம் வருஷத்தில் ஒரு சங்கதி வருகிறது. மாதா கோயிலுக்குள்ளேயே பறையர் கிறிஸ்தவர்களைப் பிரித்து ஒரு சுவர் இருந்ததும், அவர்கள் முறையிட்டதும், சுவர் இடிபட்டதும், அதனால் எழுந்த கலவரமும் அதில் இருக்கின்றன. வாய்க்கால் ஒன்றுதான் ஊரைப் பிரித்தது என்று நினைத்துக்கொண்டு மேற்கே போகிறவன் கிழக்கே போனவனைவிட அதிகமாக ஏமாறுவான். திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள் என்று சொல்கிறவன், யார் தெருவில் நின்றார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது அந்த வீடுகளில் சில ஓட்டல்களாகிவிட்டன. இதைக் கேட்டதும் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. புதுச்சேரி வீட்டுச் சொந்தக்காரர்களில் பலர் பிரான்ஸில் இருக்கிறார்கள். ஒரு வீட்டுக்குப் பதினைந்து பங்காளி. தளம் ஒழுகுகிறது, மரம் உளுக்கிறது, சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆள் கிடைப்பதில்லை, இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்பினால் பங்கு போடுவது சுலபம். சர்க்கார் கட்டிடங்களுக்கே கதி இதுதான். கடற்கரையில் இருந்த மேரி என்ற பழைய நகரமன்றம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டியது, கவனிப்பாரில்லாமல் இருந்து 2014 நவம்பர் மழையில் ஒரேயடியாக உட்கார்ந்துவிட்டது. அதே உருவத்தில் புதிதாகக் கட்டி 2021இல் திறந்தார்கள். பார்க்க அப்படியே இருக்கிறது. புகைப்படத்துக்குக்கூட வித்தியாசம் தெரியாது. ஆனால் இடித்த பின் கட்டுகிற செலவும், இடியாமல் பார்த்துக்கொள்கிற செலவும் ஒன்றல்ல. வாடகை கொடுத்துத் தூங்க ஓர் ஆள் வருவான் என்ற நம்பிக்கை இருந்தால்தான் பதினைந்து பங்காளிகளில் ஒருவராவது வீட்டை விற்க வேண்டாம் என்பார். ஆகவே மேற்கே போய் ஓர் இரவு தங்குவது என்பது ரசனை சம்பந்தப்பட்ட காரியம் மட்டும் அல்ல.

பழைய வீட்டை ஓட்டலாக்குவதை, நாவலை நாடகமாக்குவதோடு ஒப்பிடலாம். எதை விட்டார்கள் என்பதைவிட, எதை விடவே கூடாது என்று தெரிந்துவைத்திருந்தார்களா என்பதுதான் கேள்வி. குளியலறை சேர்க்கட்டும், முற்றத்துக்கு மேல் கண்ணாடி போடட்டும், குளிர்சாதனம் வைக்கட்டும். நான் ஆட்சேபிக்கமாட்டேன். பங்குனி வெயிலில் புதுச்சேரியில் படுத்தவன் எவனும் ஆட்சேபிக்கமாட்டான். ஆனால் வீடு தெருவைப் பார்த்து இருக்க வேண்டும். பெருமாள் கோயில் தெருவில் மெஸோன் பெருமாள் என்ற ஓட்டல் இருக்கிறது. பழைய தமிழ் வீடு; முற்றத்தை முற்றமாகவே வைத்திருக்கிறார்கள்; கீழே தமிழ், மேலே பிரெஞ்சு என்ற அந்த இரட்டைக் குணத்தையும் கெடுக்கவில்லை. வாடகை சாமானியனுக்கு எட்டாது என்பது வேறு விஷயம். இதற்கு மாறான ஒன்றையும் பார்த்தேன், பெயர் வேண்டாம். புதுப்பித்திருந்த அழகைக் குறை சொல்ல முடியாது. திண்ணையில் சிவப்புத் தரை கண்ணாடி மாதிரி மின்னியது. மழை பிடித்தது. தெருவில் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவர் கையில் பையோடு வந்து திண்ணை ஓரம் ஒதுங்கினார். உள்ளே இருந்து சீருடைக்காரர் ஓடி வந்தார். "இங்கெல்லாம் உட்காரக் கூடாதுங்க, ஐயா. கெஸ்ட் மட்டும்தான்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். பெரியவர் எழுந்து எதிர்க்கடை வாசலுக்குப் போய்விட்டார். நாடகத்தில் கதாநாயகியின் பெயர், உடை, நகை எல்லாம் நாவலில் உள்ளபடியே இருந்து, அவள் பேச வேண்டிய ஒரே வார்த்தையை மட்டும் வெட்டிவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

வைசியாள் தெருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கலவை சுப்பராய செட்டியார் தெரு என்றும் சொல்வார்கள். 2002ஆம் வருஷத்தை ஒட்டி ஐரோப்பிய யூனியன் பண உதவியோடும் இன்டாக் அமைப்பின் முயற்சியோடும் ஒரு தெரு முழுவதையும் எடுத்துக்கொண்டு வீட்டு முகப்புகளைச் சீர்படுத்தினார்கள். தனி வீட்டைக் காப்பாற்றுவது ஒன்று. வரிசையைக் காப்பாற்றுவது வேறு. தாழ்வாரம் என்பது வரிசையாக இருந்தால்தான் தாழ்வாரம். ஒரு வீட்டில் மட்டும் இருந்தால் அது வெறும் சாய்ப்பு. இந்த உண்மை அந்தத் தெருவில் நடந்தால் காலுக்கே தெரியும். எழுதுகிறவர்கள் அதைப் படம் எடுத்துப் போட்டுவிட்டு, தங்குவதற்கு மறுபடியும் கிழக்கே அனுப்பிவிடுகிறார்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். இங்கேதான் அந்த எழுத்தின் வறுமை நன்றாக வெளிப்படுகிறது. கிழக்கே பிரெஞ்சுச் சாப்பாடு, மேற்கே தென்னிந்தியச் சாப்பாடு என்று இரண்டே டப்பா. நடுவில் இருப்பதுதான் இந்த ஊரின் சமையல். வடகம் என்று நம் வீடுகளில் வெயில் காலத்தில் போடுவார்களே, சின்ன வெங்காயமும் பூண்டும் உளுத்தம்பருப்பும் கடுகும் வெந்தயமும் சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து உருட்டி, நாள் கணக்கில் காயவைப்பது. அது இந்த ஊரிலிருந்து கப்பலேறி "வதூவான்" என்ற பெயரில் பிரெஞ்சுச் சமையல்காரர்களின் அலமாரியில் போய் உட்கார்ந்திருக்கிறது. (விளக்கெண்ணெய்ச் செட்டியாருக்கு இங்கே மறுபடி ஒரு கும்பிடு.) அங்கே அதை வெண்ணெயில் வதக்கி மீன் மேல் ஊற்றி, அபூர்வமான கீழ்நாட்டு மசாலா என்கிறார்கள். இங்கே வருகிற நம் பிரயாணி கிழக்கே ஒரு மேஜையில் உட்கார்ந்து அதையே பிரெஞ்சு ருசி என்று சிலாகித்துவிட்டுப் போகிறான். வடகம் தாளித்த மீன் குழம்பு கால் மைலுக்குள் கொதித்துக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியாது. மார்ஸெய்ல் ஊர்க்காரர்களின் மீன் சூப்பான புயபேஸுக்கு இந்த ஊர் வீடுகளில் மஞ்சளும் மிளகும் சேர்ந்து ஒரு மறுபிறவி உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவுக்குப் போனவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். அவர்களும் ஸைகோனில் உத்தியோகம் பார்த்தவர்களும் திரும்பி வந்தபோது வியத்நாம் சமையலையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மெல்லிய அரிசித் தாளில் இறைச்சியை வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் "நெம்" இங்கே சில வீடுகளில் பண்டிகைப் பலகாரம். நம் ஊர் போண்டாவுக்கும் அதற்கும் தட்டில் சண்டையே இல்லை.

இந்தச் சமையலில் பெரும்பகுதி விலைக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் கஷ்டம். அது வீட்டுச் சமையல். கிழக்கேயுள்ள சில ஓட்டல்கள் கிரியோல் என்று பெயர் போட்டு விற்கின்றன. காரத்தைக் குறைத்து, புளியைக் குறைத்து, கடைசியில் சங்கோசத்தோடு பரிமாறுகிற ஒரு சமையல். கிடைக்கிற இடத்தில் சாப்பிட வேண்டியதுதான். ஆனால் அதுதான் அந்தச் சமையல் என்று சத்தியம் செய்ய வேண்டாம். புதுச்சேரிக் குடும்பம் எதையாவது உங்களுக்குத் தெரியும் என்றால், வெட்கப்படாமல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குப் போய் நில்லுங்கள். ஒரு பெட்டி இனிப்பு கையில் இருந்தால் போதும்.

தெரியாதவர்களுக்கும் மேற்கில் வழி இல்லாமல் இல்லை. நேரு வீதியில் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. யான் மார்டல் 2001இல் வெளியிட்ட "லைஃப் ஆஃப் பை" நாவலின் முன்னுரையில் இந்தக் காபி ஹவுஸ் வருகிறது. அதைப் பார்க்கவென்றே வெளிநாட்டார் வருகிறார்கள். வந்து ஏமாந்து போகிறவர்களும் உண்டு. ஏமாற என்ன இருக்கிறது? சாதாரண மேஜை, சாதாரணக் காபி, பக்கத்து நாற்காலியில் நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய குமாஸ்தா. நாவலாசிரியனுக்குக் கதை கிடைக்கிற இடம் அப்படித்தான் இருக்கும். தெற்கே காஜியார் தெரு, முல்லா வீதிப் பக்கம் முஸ்லிம்கள் வாழும் பகுதி. அங்கே வெள்ளிக்கிழமை மத்தியானம் பிரியாணி வாசனைக்குத் தெருப் பெயர்ப் பலகை தேவையில்லை. மிஷன் வீதியில் சம்பா கோயில் என்று ஜனங்கள் சொல்கிற பெரிய மாதா கோயிலைச் சுற்றி இருக்கும் தெருக்களில், டீயில் தோய்த்துச் சாப்பிடும் நீள ரொட்டி கிடைக்கும். பிரெஞ்சுக்காரன் விட்டுப் போனவற்றில் எல்லாரும் பங்கு போட்டுக்கொண்டது அது ஒன்றுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. மெஸ்களைப் பற்றித் தனியாகச் சொல்லவில்லை. பகல் பன்னிரண்டரைக்கு எந்த மெஸ் வாசலில் பாங்கிக்காரர்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் காத்து நிற்கிறார்களோ அதில் நுழையலாம்.

கிழக்கை வெறுத்து எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மாலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். மறுநாள் காலை ஏழரை வரை அது நடக்கிறவர்களின் சாலை. நம் நாட்டில் இவ்வளவு மரியாதை காலுக்கு வேறெங்கும் கிடைத்ததாக எனக்கு ஞாபகமில்லை. அங்கே பழைய துறைமுக அலுவலகக் கட்டிடத்தில் லே கஃபே என்ற சர்க்கார் சிற்றுண்டிசாலை ராத்திரி முழுவதும் திறந்திருக்கிறது. பலகாரத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. இரண்டு மணிக்குத் தூக்கம் வராதவனுக்குக் கடலுக்கு எதிரே ஒரு நாற்காலியும் சூடாக ஒரு கோப்பையும் கிடைக்கிறதே, அதற்கே ஒரு கும்பிடு போடலாம். ஆசிரமத்தார் நடத்தும் விடுதிகள் சுத்தமானவை, மிதமான வாடகை. மதுவும் புகையும் கூடாது. இரவு குறித்த நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். இந்த நிபந்தனைகளைக் குற்றமாக எழுதுகிறார்கள். சத்திரத்துக்கு என்று ஓர் ஒழுங்கு உண்டு என்பது அவர்களுக்கு மறந்துபோயிருக்கும். கடலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், கையில் காசும் குறைவு என்கிறவர் தாராளமாக அங்கே தங்கலாம்.

மற்றவர்கள் மேற்கே பாருங்கள். அரண்மனை மாதிரி ஓட்டல்தான் வேண்டும் என்பதில்லை. பழைய வீட்டில் நாலைந்து அறைகளை ஒதுக்கி விருந்தாளிகளுக்கு விடுகிற சின்ன இடங்கள் இருக்கின்றன. முற்றத்து அறையைத்தான் நல்லது என்று முதலில் காட்டுவார்கள். அமைதியாக இருக்கும் என்பார்கள். வேண்டாம் என்று சொல்லித் தெருப்பக்கத்து மாடி அறையைக் கேளுங்கள். தூக்கம் கொஞ்சம் கெடும். ஐந்து மணிக்கே கோயில் மணி, பிறகு வாசல் தெளிக்கிற சத்தம், பால் வண்டி, எதிர் வீட்டுப் பாட்டி பேரனைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புகிற சத்தம். ஆறரைக்கு எழுந்து பெரிய மார்க்கெட்டுக்கு நடங்கள். மீன் பகுதியில் பேரம் மும்முரமாக நடக்கும் நேரம் அது. வஞ்சிரம் என்ன விலை என்று கேட்டுவிட்டு வாங்காமல் நகர்ந்தால் திட்டு விழும். அதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.